சுபேதார் ராம்ஜியின் கடன்

பாபாசாகேப் என்று அழைக்கிறோம். மராத்தியில் பாபா என்றால் தந்தை. அந்தத் தந்தையை வளர்த்த தந்தையைப் பற்றி நம் மேடைகள் குறைவாகவே பேசியிருக்கின்றன.

ராம்ஜி சக்பால் ராணுவத்தில் சுபேதார். ராணுவப் பள்ளியில் தலைமையாசிரியர். தீண்டப்படாதோருக்குப் பள்ளிக் கதவுகள் அடைபட்டிருந்த காலத்தில், பட்டாளத்தின் வழியாகவே அவர் கைக்கு எழுத்து வந்தது. பின்னாளில் மும்பை பரேலில் ஒற்றை அறையில், சொற்ப ஓய்வூதியத்தில் குடும்பம் நடந்தது. மகன் கேட்ட புத்தகத்துக்குப் பணமில்லாதபோது, மணமாகிப்போன மகள்களிடம் நகை வாங்கி அடகு வைத்தார். இடமில்லாத அந்த அறையில் மகனை முன்னிரவில் தூங்கவைத்து, இரண்டு மணிக்கு எழுப்பிப் படிக்கவைத்தார். 1907இல் பீமராவ் மெட்ரிக் தேறினார். 1913 பிப்ரவரியில் ராம்ஜி மறைந்தார். அதே ஆண்டு ஜூலையில் மகன் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படிக்க நியூயார்க்கில் இறங்கினார். தகப்பன் அதைப் பார்க்கவில்லை.

சாதி மறுத்ததைத் தன் உறக்கத்தை விற்று மீட்டார் ராம்ஜி. தந்தைமை என்று நாம் சொல்வது அந்த உழைப்பைத்தான். ஆனால், அடகுக்கடைக்குப் போனவை மகள்களின் நகைகள். அவர்களுக்கு அந்தப் புத்தகங்கள் கிடைக்கவில்லை. அம்பேத்கரை உருவாக்கிய கணக்கில் அந்தச் சகோதரிகளின் பங்கும் எழுதப்பட வேண்டும்.

இன்று நம் வீடுகளில் படிக்க எழுப்பும் கைகள் மகளையும் எழுப்புகின்றனவா? அந்தக் கடன் நம்மிடம்தான் நிலுவையில் இருக்கிறது.