உடலுக்கு இட்ட விலை: 1934 ஆம் ஆண்டின் நட்டஈட்டுச் சட்டமும் கொழும்புத் தொழிலாளரும்

கொட்டாஞ்சேனையை அடுத்துத் துறைமுகம். தெற்கே வெள்ளவத்தையில் நூற்பு நெசவாலை. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் கொழும்புத் தொழிலாளர் பலருக்குச் சோறளித்த இவ்விரு களங்களுமே அவர்தம் அங்கங்களையும் காவுகொண்டன. மூட்டை சரிந்து கால் முறிந்தவனுக்கோ, இயந்திரத்தில் கை அகப்பட்டவனுக்கோ அந்நாளில் இருந்த வழி யாது? உரோமன் டச்சுச் சட்டத்தின்படி முதலாளியின் கவனயீனத்தை நிரூபித்தாலே இழப்பீடு கிட்டும். அன்றாடங் கூலி பெறுவோன் நியாயதுரந்தரரை அமர்த்தி வழக்காடுதல் ஏட்டளவில் மட்டுமே இயலக்கூடியது.

பிரித்தானியா 1897 இலும் இந்தியா 1923 இலும் இக்குறையைச் சட்டத்தாற் களைய முற்பட்டன. இலங்கை பின்தங்கியே நின்றது. 1931 இல் வந்த சர்வசன வாக்குரிமை தொழிலாளரின் குரலுக்கு மதிப்பளித்தது எனலாம். எனினும் வாக்கு மட்டும் போதியதாயிருந்திராது. ஏ. ஈ. குணசிங்கா தலைமையில் 1923 இலும் 1927 இலும் நிகழ்ந்த வேலைநிறுத்தங்களும், கொல்வின் ஆர். டி சில்வா முன்னின்ற 1933 ஆம் ஆண்டின் வெள்ளவத்தை ஆலைப் போராட்டமும் ஆட்சியாளரை விழிப்புறச் செய்திருந்தன. மலையகத் தமிழரான பெரி. சுந்தரம் தொழில் அமைச்சராயிருந்த காலத்திலேயே 1934 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் பிறந்தது. அடுத்த ஆண்டில் நடைமுறைக்கு வந்தது.

இச்சட்டம் 'யார் பிழை?' என்ற வினாவைப் பெரும்பாலும் அகற்றி, 'வேலையினால், வேலையின்போது நேர்ந்ததா?' என்று வினவியது. ஒப்பந்தகாரர் மூலம் ஆட்களைப் பெற்ற நிறுவனம் 'அவன் எம் ஆளல்லன்' என்று கைகழுவவும் இடமளிக்கவில்லை. கங்காணிகள் வழியே ஆள்சேர்த்த துறைமுகத்தில் இவ்வேற்பாட்டின் பெறுமதி சொல்லாமலே விளங்கும். உரிமையைத் துறப்பதாக எழுதிவாங்கும் உடன்படிக்கையும் செல்லாததாயிற்று. இறந்தவனுக்குரிய பணத்தை ஆணையாளரிடமே செலுத்த வேண்டும். விதவையின் கையில் சில்லறையைத் திணித்து விடயத்தை முடித்துவிட இயலாது.

ஆயினும் அட்டவணையிலே குறையொன்று உறைந்திருந்தது. இழந்த உறுப்புக்கு இத்தனை வீதம் என வகுத்து, அதனைக் கூலியோடு பொருத்தியே தொகை கணிக்கப்பட்டது. அறுந்த இழையை முடியும் நெசவாளிக்கு விரலே தொழில். அட்டவணைக்கோ அது சிறு பின்னம். கூலி குறைந்தவனின் கை, கூலி மிகுந்தவனின் கையிலும் மலிவாயிற்று.

திருத்தங்கள் பல வந்தன. 2022 இல் உச்சத்தொகை ஐந்தரை இலட்சம் ரூபாவிலிருந்து இருபது இலட்சமாக உயர்ந்தது. வேலைக்குச் செல்லும் வழியிலும் வீடு திரும்பும் வழியிலும் நேரும் விபத்துகளும் அப்போதுதான் சட்டத்தினுட் புகுந்தன. அதற்கு எண்பத்தெட்டு ஆண்டுகள் பிடித்தன.