காலை எடுத்தால் என்ன ஆகும்? மின்காரில் ரீஜென் கட்டுப்பாடும் ஓட்டுநர் விருப்பமும்

பெட்ரோல் காரில் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் என்ன நடக்கும் என்பது ஓட்டத் தெரிந்த எவருக்கும் தெரியும். வண்டி தன்போக்கில் உருளும். கியரில் இருந்தால் இன்ஜின் சற்றே பிடிக்கும். மின்காரில் இதே அசைவின் பொருள் காருக்குக் கார் மாறுகிறது. ஒன்று எண்ணெயில் வழுக்குவதுபோல் போய்க்கொண்டே இருக்கும். இன்னொன்று தலை முன்சாயும்படி பிடித்து நிறுத்தும். மோட்டாரை மின்னாக்கியாக மாற்றி வேகத்தை மின்சாரமாகத் திரும்பப் பெறும் 'ரீஜெனரேட்டிவ் பிரேக்கிங்', சுருக்கமாக ரீஜென், எவ்வளவு வலுவாக இருக்க வேண்டும் என்பதைச் சுவை சார்ந்த கேள்வியாகவே இதுவரை பேசிவருகிறோம். அந்தக் கேள்வி பொருத்தமற்றது என்பதே இக்கட்டுரையின் வாதம். ஓட்டுநர் முதலில் கேட்பது வலிமையை அல்ல. கால் ஒருமுறை கற்ற அசைவுக்கு எந்நேரமும் ஒரே விடை கிடைக்க வேண்டும் என்பதை.

வலுவான ரீஜென்னுக்கு ஆதரவாக முன்வைக்கப்படுவது சிக்கனம். 1,600 கிலோ எடையுள்ள கார் 60 கி.மீ. வேகத்தில் கொண்டிருக்கும் இயக்க ஆற்றல் ஏறத்தாழ 62 வாட்-மணி, அதாவது ஒரு யூனிட்டில் பதினாறில் ஒரு பங்கு. நெரிசலில் நாளெல்லாம் நின்று நின்று போகும் வண்டிக்கு இது சிறிய தொகை அல்ல. ஆனால் மோட்டார், இன்வெர்ட்டர், பேட்டரி வழியே உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் அதில் ஒரு பகுதி வெப்பமாகிவிடும். நிற்கத் தேவையில்லாத இடத்தில் வண்டியைச் சும்மா உருளவிடுவதே இதைவிடச் சிக்கனம். போர்ஷே நிறுவனம் 2019-இல் டைகான் காரை இந்த எண்ணத்தோடுதான் வடிவமைத்தது. காலை எடுத்தால் கார் உருளும். பிரேக்கை மிதித்தால் முதலில் ரீஜென் வேலை செய்யும், அன்றைய வடிவத்தில் 265 கிலோவாட் வரை. அன்றாட பிரேக்கிங்கில் 90 விழுக்காடு உராய்வு பிரேக்கின் துணையின்றியே நடக்கும் என்பது அந்நிறுவனத்தின் கணக்கு. ஆகவே பிரேக் பெடலே ரீஜென்னையும் உராய்வையும் கலந்து தரும் கார்களில் சிக்கனத்தைச் சொல்லி எந்தக் கட்சியும் வெல்ல முடியாது. காலைத் தூக்கினால் மட்டுமே ரீஜென் வரும் கார்களுக்குத்தான் அந்த வாதம் உண்மையில் பொருந்தும்.

பி.எம்.டபிள்யூ.வின் மினி-இ அத்தகைய கார். 2009-இல் பெர்லினில் அது பொதுமக்களிடம் தரப்பட்டபோது கெம்னிட்ஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அவர்களைத் தொடர்ந்து கவனித்தனர். காலைத் தூக்கியதும் வலுவாகப் பிடிக்கும் காருக்கு ஓட்டுநர்கள் விரைவிலேயே பழகிக்கொண்டார்கள். பெரும்பாலோர் அதை விரும்பவும் செய்தார்கள். ஆக்சிலேட்டர் ஒன்றாலேயே வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் 'ஒற்றைப் பெடல்' ஓட்டலுக்குச் சான்றாக இம்முடிவு இன்றும் காட்டப்படுகிறது. நான் இதை எச்சரிக்கையோடுதான் வாசிப்பேன். அவர்கள் புதுமையை நாடித் தாமாக முன்வந்தவர்கள். மேலும் அந்தக் காரில் வலிமையைக் கூட்டிக் குறைக்க வழியே இல்லை. மாறாத ஒன்றுக்குக் கால் பழகியது என்பதையே அந்த முடிவு காட்டுகிறது. வலிமையானதுதான் மாந்தர்க்குப் பிடிக்கும் என்று அதிலிருந்து கொள்ள முடியாது.

மாறுவது எவ்வளவு தொந்தரவு தரும் என்பதற்குப் பழைய சான்று ஒன்று உண்டு. 2010 பிப்ரவரியில், ரீஜென்னையும் உராய்வு பிரேக்கையும் கலந்து தரும் பிரியஸ் ஹைபிரிட் கார்களை டொயோட்டா திரும்ப அழைத்தது. மேடுபள்ளமோ வழுக்கலோ உள்ள சாலையில் மெதுவாக பிரேக் பிடிக்கும்போது, ஒரு கணம் பிடிப்பு விட்டதுபோல் ஓட்டுநர்கள் உணர்ந்தார்கள். பெடலை இன்னும் அழுத்தினால் கார் நின்றது. ஆனால் கால் எதிர்பார்த்த விடை அந்த ஒரு கணம் வரவில்லை. அதற்காக லட்சக்கணக்கான கார்களின் மென்பொருளை மாற்ற வேண்டியிருந்தது.

தேர்வைக் கையில் கொடுத்தால் சிக்கல் தீர்ந்துவிடும் என்று பல நிறுவனங்கள் கருதின. ஸ்டீயரிங்குக்குப் பின்னுள்ள பேடில் இங்கே முதன்மை பெறுகிறது. ஒரே பேடில் இருவேறு வேலைகளைச் செய்கிறது என்பதைப் பலரும் பிரித்துப் பார்ப்பதில்லை. செவ்ரோலே போல்ட் காரின் இடப்பக்கப் பேடிலை அழுத்தியிருக்கும்வரை கார் வேகம் குறையும். விட்டால் பழைய நிலை. அது விரலுக்கு வந்த பிரேக். ஹூண்டாய் கார்களிலோ பேடில் அளவைத்தான் மாற்றுகிறது. ஸ்ரீபெரும்புதூரில் தயாராகும் கிரெட்டா எலெக்ட்ரிக்கும் அவ்வகையே. விரல் ஒருமுறை தட்டினால், அதன்பின் கால் செய்யும் எல்லா அசைவின் பொருளும் மாறிவிடுகிறது. டாடா நெக்ஸான் இ.வி. 2020-இல் வந்தபோது தேர்வு இல்லை; 2022-இன் மேக்ஸ் வடிவத்தில் பூஜ்யம் உட்பட நான்கு நிலைகள் வந்தன; 2023-இல் அவை பேடிலுக்கு நகர்ந்தன. நிலைகள் பெருகுவதை நான் குறைசொல்லவில்லை. ஆனால் இரண்டு ஷிஃப்டில் இருவர் ஓட்டும் வாடகைக் காரில், காலையில் ஒருவர் மூன்றில் விட்டுப்போனதை மாலையில் ஏறுபவர் அறியாமல் காலைத் தூக்கினால் பின்னால் வருபவருக்கும் ஆபத்து. ஐ.நா. பிரேக் விதிமுறை எண் 13-எச், ரீஜென்னால் வேகம் குறைவது நொடிவர்க்கத்துக்கு 1.3 மீட்டரைத் தாண்டினால் பிரேக் விளக்கு எரிந்தாக வேண்டும் என்கிறது. பின்வருபவரைக் காக்க விதி உண்டு; பெடல் மேல் கால் வைத்திருப்பவருக்கு அத்தகைய முன்னறிவிப்பு இல்லை.

ஒற்றைப் பெடலில் முழுமையாக நிற்கும் வரை போவதா என்பதுதான் இன்றைய கூர்மையான சர்ச்சை. நிஸான் 2017-இல் இரண்டாம் தலைமுறை லீஃப் காரில் தந்த இ-பெடல், காலை எடுத்தால் காரை நிறுத்தி, சரிவிலும் பிடித்து வைத்தது. பின்னர் வந்த ஆரியாவில் அதே நிறுவனம் ஒரு படி இறங்கியது: இ-பெடல் ஸ்டெப் வேகத்தைக் குறைக்கும், முழுதாக நிறுத்தாது. சீனச் சந்தை ஒழுங்கமைப்பு நிர்வாகம் 2023 மே மாதம் 11 லட்சத்துக்கும் மேற்பட்ட டெஸ்லா கார்கள் திரும்ப அழைக்கப்படுவதை அறிவித்தது. ரீஜென் அளவை ஓட்டுநர் தேர்ந்தெடுக்க முடியாததும், ஆக்சிலேட்டரை நெடுநேரம் ஆழ அழுத்தினால் போதிய எச்சரிக்கை வராததும் காரணங்கள். திருத்தம் மென்பொருள் வழியே அனுப்பப்பட்டது. 2026 தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்த சீன பிரேக் தரநிலை, காலை எடுப்பதால் மட்டுமே கார் முழுதாக நிற்பதை இயல்பு நிலையாக வைக்கக் கூடாது என்கிறது. இத்திசை சரியென்றே நான் கருதுகிறேன். நாள் முழுதும் ஆக்சிலேட்டராலேயே நிறுத்திப் பழகிய கால், திடீரென ஒரு குழந்தை குறுக்கே ஓடும்போது பிரேக்கைத் தேடி இடம் மாற வேண்டும். அந்த இடமாற்றம் அன்றாடம் நடந்தால்தான் அவசரத்தில் தவறாது.

இவ்வாதத்துக்குக் கடினமான சோதனை மலையிறக்கம். உதகையிலிருந்து மேட்டுப்பாளையம் வரை ஏறத்தாழ 1,900 மீட்டர் இறக்கம். நம் 1,600 கிலோ கார் அதில் இழக்கும் நிலையாற்றல் எட்டு யூனிட்டுக்கும் மேல். டயரும் காற்றும் தின்றதுபோக நான்கைந்து யூனிட் பேட்டரிக்குத் திரும்பலாம். ஆனால் உதகை விடுதியில் இரவெல்லாம் சார்ஜ் போட்டு நூறு விழுக்காட்டோடு கிளம்பியவரின் பேட்டரியில் இடமில்லை. முதல் கொண்டை ஊசி வளைவில் பழக்கம்போல் காலை எடுக்கிறார், பிடிப்பு வருவதில்லை. ரீஜென் குறையும்போது உராய்வு பிரேக்கைத் தானாகச் சேர்த்துக்கொள்ளும் வசதி சில கார்களில் உண்டு. அப்போது காலுக்கு அதே விடை கிடைக்கும். ஆனால் வெப்பம் முழுவதும் பிரேக் பட்டைகளில் ஏறும், அதுவும் பிரேக் சூடாகித் தளரக் கூடாத மலைப்பாதையில். நான் கேட்கும் ஒருமைப்பாடு இங்கே ஓட்டுநரின் கண்ணிலிருந்து ஓர் ஆபத்தை மறைக்கிறது. எனவே காலுக்கு ஒரே விடை தரும் கார், உராய்வு எவ்வளவு சேர்கிறது என்பதைத் திரையில் தெளிவாகக் காட்டவும் வேண்டும். அதைவிட எளிய வழி ஒன்றும் இருக்கிறது. 45 யூனிட் பேட்டரியில் அந்த நான்கைந்து யூனிட் பத்து விழுக்காடு அளவுதான். உதகையில் 85-இல் சார்ஜை நிறுத்தினால் போதும். தான் எந்த மலையில், எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பதை வரைபடம் வழியே அறிந்த கார், சார்ஜரைச் செருகும்போதே 85-இல் நிறுத்தலாமா என்று ஓட்டுநரிடம் கேட்கலாம்.