போக்கர் கையின் மதிப்பு

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், நியூ ஆர்லியன்ஸ் துறைமுகத்திலும், அங்கிருந்து மிசிசிப்பி நதியில் ஏறியும் இறங்கியும் சென்ற நீராவிக் கப்பல்களிலும், வியாபாரிகளும் தொழில்முறைச் சூதாடிகளும் ஒரே மேஜையைச் சுற்றி அமர்ந்து ஆடிய போக்கர் என்னும் சீட்டாட்டத்துக்கு இன்றுள்ளதுபோல் 52 சீட்டுகள் வேண்டியிருக்கவில்லை. ஏஸ், ராஜா, ராணி, ஜாக்கி, பத்து என்ற ஐந்து தரங்களில் இனத்துக்கு ஒன்றாக மொத்தம் 20 சீட்டுகளே போதுமானவையாக இருந்தன. நால்வருக்கு ஐந்தைந்தாகப் பகிர்ந்தால் கட்டில் ஒன்றும் மிஞ்சாது. 1829-ல் அத்தகைய கப்பலொன்றில் பிரயாணம் செய்த ஜோசப் கவெல் என்ற ஆங்கில நடிகர், பிற்காலத்தில் வெளியிட்ட தம் நினைவுக் குறிப்புகளில் இவ்வாட்டத்தைப் பற்றி எழுதியிருப்பது, போக்கரின் ஆதி சரித்திரத்துக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய சாட்சியங்களுள் ஒன்று.

சீட்டுக்கட்டு 20-லிருந்து 52-ஆகப் பெருகியபோது, ஆடுவோர் தொகை கூடியதோடு, ஐந்து சீட்டுத் தொகுதிகளான கைகளின் தராதரமும் புதிதாக வகுக்கப்பட வேண்டியதாயிற்று. ஒரே இனத்துச் சீட்டுகள் ஐந்து சேரும் ஃப்ளஷ் முதலில் இடம் பெற்றது. அடுத்தடுத்த தரங்கள் வரிசையாக அமையும் ஸ்ட்ரெய்ட்டையோ, நெடுங்காலம் சில மேஜைகள் ஏற்றன, சில மேஜைகள் தள்ளின. கடைசியில் நிலைபெற்ற கிரமத்துக்கு ஆதாரமாக நின்றது அருமை என்னும் ஒரே நியாயந்தான். 52 சீட்டுகளிலிருந்து ஐந்தைந்தாக எடுக்கக்கூடிய 25,98,960 கைகளில், வெறும் ஜோடி மட்டும் உள்ளவை 10,98,240, ஸ்ட்ரெய்ட் 10,200, ஃப்ளஷ் 5,108, ஒரே தரத்துச் சீட்டுகள் நான்கு சேருபவை 624. குறைவாகக் கிடைப்பது உயர்ந்தது, நிறையக் கிடைப்பது தாழ்ந்தது என்பதற்கு மேலாக வேறொரு தத்துவமும் அந்த வரிசையில் இல்லை.

ஆயினும், வரிசை இருந்ததே தவிர அளவு இருக்கவில்லை என்பதை இங்கே கவனிக்க வேண்டும். ஃப்ளஷ் ஸ்ட்ரெய்ட்டை வெல்லும். எவ்வளவால் வெல்லும் என்று கேட்டால் போக்கர் விதிகளில் அதற்கு விடை கிடையாது. வெற்றியின் பருமனை நிர்ணயித்தவை பந்தயத் தொகையும், எதிராளியின் முகக்குறிப்பும், இல்லாத கையை இருப்பதாகக் காட்டும் துணிச்சலுமே. சீட்டின் மதிப்பு சீட்டில் தங்காமல் மேஜையின் மேலிருந்த பணத்தில் தங்கியிருந்தது. மேஜைப் போக்கரில் ஏறக்குறைய இரண்டு நூற்றாண்டுக் காலம் இந்த நிலைமை மாறவில்லை. 1860-களில் அமெரிக்காவில் யூக்கர் ஆட்டத்துக்கென்று கட்டில் சேர்க்கப்பட்ட ஜோக்கர், சில ஆண்டுகளில் போக்கருக்குள்ளும் புகுந்து வேண்டிய சீட்டாக வேஷம் போட்டதேயன்றி, அதுவும் வரிசையைக் குலைக்கவில்லை.

அதைக் குலைத்தது, 2024 பிப்ரவரி 20-ல் வெளிவந்த ‘பலாட்ரோ’ என்னும் கணினி விளையாட்டு. லோக்கல்தங்க் என்ற புனைபெயருக்குப் பின்னால் தம்மை மறைத்துக்கொண்ட கனடா நாட்டவர் ஒருவர், ஏறத்தாழத் தனியாகவே இருந்து செய்தது இது. இதில் எதிராளி இல்லை; பணயமும் இல்லை. ஒவ்வொரு கட்டத்திலும் எட்டவேண்டிய புள்ளித்தொகை ஒன்று குறிக்கப்பட்டிருக்கும். முதற்கட்டத்தில் 300-ல் தொடங்கி, எட்டாவது சுற்றின் முடிவில் பெரும்பாலும் 1,00,000 ஆகிவிடும் அத்தொகையைச் சில கைகளுக்குள் அடைந்தாக வேண்டும். இதற்காக ஒவ்வொரு கைக்கும் இரண்டு எண்கள் விதிக்கப்பட்டன: ஒன்று சில்லு, மற்றொன்று பெருக்கி. ஜோடிக்கு 10-ம் 2-ம். ஃப்ளஷ்ஷுக்கு 35-ம் 4-ம். நான்கு ஒரே தரத்துக்கு 60-ம் 7-ம். கையை அமைக்கும் சீட்டுகளின் மதிப்பைச் சில்லுடன் கூட்டிப் பெருக்கியால் பெருக்குவதே கணக்கு. ஏஸுக்கு 11 ஆதலால், இரண்டு ஏஸ் கொண்ட ஜோடிக்கு 32-ஐ 2-ஆல் பெருக்கி 64 கிடைக்கும்.

ஆட்டத்தின் உயிர், புள்ளிக்கணக்கை மாற்றும் ஜோக்கர்களில் இருக்கிறது. 150 வகைகளுள் வழக்கமாக ஐந்தை மட்டுமே ஒருவர் ஒரு சமயத்தில் வைத்துக்கொள்ளலாம். அவை இடமிருந்து வலமாக ஒன்றன்பின் ஒன்றாகத் தம் வேலையைச் செய்யும். பெருக்கியோடு 4 கூட்டும் ஜோக்கரை முன்னும், பெருக்கியை மும்மடங்காக்கும் ஜோக்கரைப் பின்னும் வைத்தால், மேற்சொன்ன ஏஸ் ஜோடியின் பெருக்கி 2-லிருந்து 6-ஆகி, பிறகு 18-ஆகி, 576 புள்ளி தரும். இடத்தை மாற்றிவிட்டால் 6-ஆகி, பிறகு 10-ஆகி, 320-தான் தரும். சீட்டுகள் அவையே, ஜோக்கர்களும் அவையே. முன்பின்னானதால் மட்டுமே ஏறக்குறையப் பாதி கரைந்துபோகிறது. கூட்டலை இடப்புறமும் பெருக்கலை வலப்புறமும் நிறுத்தவேண்டும் என்ற இச்சிறு கணித உண்மையைத் தாமே கண்டுகொள்ளும் வேளையில் ஆடுபவருக்கு உண்டாகும் ஆனந்தத்தை, பழைய போக்கர் மேஜை ஒருநாளும் அளித்திருக்க முடியாதென்பது என் துணிபு.

அதைக் காட்டிலும் ஆழமான மாறுதல் வேறொன்று உண்டு. 2008-ல் வெளியான ‘டொமினியன்’ முதலிய அட்டை விளையாட்டுகளில் கட்டைத் தானே சேர்த்து அமைத்துக்கொள்ளும் முறை பிரசித்தி பெற்றிருந்தது. அதே முறையில் இங்கும் வேண்டாத சீட்டை அழிக்கலாம், ஓரினத்தை வேறினமாக மாற்றலாம், ஒரே சீட்டைப் பலவாக்கலாம். கட்டு முழுவதையும் ஆடுதனாக மாற்றிவிட்டவருக்கு ஃப்ளஷ் வரும் சாத்தியம் நிச்சயமாகிவிடுகிறது. அப்பொழுது 5,108 என்ற அந்தப் பழைய எண்ணிக்கைக்கு அர்த்தமே இல்லை. நேர்மையான எந்தக் கட்டிலும் அமையவொண்ணாத, ஒரே தரமும் ஒரே இனமுமான ஐந்து சீட்டுகளுக்கும் 160-ம் 16-ம் விதிக்கப்பட்டிருக்கின்றன. எதிர்த்திசையில், அருமையே இல்லாத ஜோடியையும், ஏன், எதுவுமே சேராத தனிச் சீட்டையும், அவற்றின் சில்லையும் பெருக்கியையும் கூட்டும் கிரகச் சீட்டுகளால் படிப்படியாக உயர்த்தி, அக்கைகளையே விரும்பும் ஜோக்கர்களைத் துணைசேர்த்து, கடைசிச் சுற்றுவரை கொண்டுசெல்லும் உபாயத்தைத் தேர்ந்தவர்கள் பெரிதும் போற்றுகிறார்கள். ஜோடி எந்த ஏழு எட்டுச் சீட்டிலும் எளிதில் கிடைக்குமாதலால், அதை நம்புகிறவர் அதிர்ஷ்டத்துக்குக் கப்பம் கட்டவேண்டியதில்லை.

இவ்வளவு தூரம் பணயத்தை விலக்கிய ஆட்டத்துக்கே, சூதாட்டத்தின் சாயல் உண்டென்று சொல்லி, ஐரோப்பாவின் வயது வரையறைச் சபையான பெகி 18 வயதுக்கு மேற்பட்டோர்க்கென்று முத்திரையிட்டது. கையின் பெயர்களைப் பார்த்தார்கள்; அப்பெயர்களிலிருந்து பணம் பிரிக்கப்பட்டுவிட்டதைப் பார்க்கவில்லை. வெளியீட்டாளர் மேல்முறையீடு செய்ததன்மேல், 2025 பிப்ரவரியில் அவ்வரையறை 12 வயதாகக் குறைக்கப்பட்டது.