மண்டை ஓட்டுச் சீரமைப்பு: எது மலிவு?

தலையில் பலத்த அடிபட்டு மூளை வீங்கினால், அழுத்தத்தைத் தணிக்க மண்டை ஓட்டில் ஒரு பெரிய துண்டை வெட்டி எடுத்துவிடுகிறார்கள். பிழைத்தவருக்குச் சில வாரங்களோ மாதங்களோ கழித்து அந்தத் திறப்பை மூடியாக வேண்டும். கிரானியோபிளாஸ்டி எனப்படும் இந்த இரண்டாம் அறுவையின்போதுதான் குடும்பம் செலவுக் கணக்கோடு உட்கார நேர்கிறது. சொந்த எலும்பா, உலோகமா, பிளாஸ்டிக்கா?

சொந்த எலும்புக்குச் செலவில்லை என்ற எண்ணம் பரவலானது. எடுத்த துண்டை மைனஸ் 80 டிகிரிக் குளிரில் உறையவைக்கலாம்; இந்தியாவின் பல மருத்துவமனைகளில் அதை நோயாளியின் வயிற்றுத் தோலுக்கடியிலேயே பதித்து வைக்கிறார்கள். ரசீதில் எலும்புக்கென்று தொகை ஏதும் வராது. ஆனால் திரும்பப் பொருத்திய எலும்பு உடலுக்குள் மெல்லக் கரைந்துபோவதுண்டு. அப்போது மறுபடி மயக்க மருந்து, மறுபடி தொற்று அபாயம். முதலில் தவிர்த்த செயற்கைத் தகட்டையும் வாங்கியே தீர வேண்டும்.

மேற்கு ஆஸ்திரேலியாவில் நடந்த ஓர் ஆய்வு இந்தக் கணக்கைச் சோதித்தது. 2017இல் ‘ஜர்னல் ஆஃப் நியூரோசர்ஜரி’ இதழில் வெளியான அதில் 64 பேர் குலுக்கல் முறையில் பிரிக்கப்பட்டனர். 31 பேருக்குச் சொந்த எலும்பு. 33 பேருக்கு அளவெடுத்துச் செய்த டைட்டானியத் தகடு. எலும்பு பொருத்தப்பட்டவர்களில் 7 பேருக்கு அது முற்றிலும் கரைந்துபோனது. கரைதல் இளையவர்களிடமே அதிகம். மொத்தச் செலவிலோ, இரு பிரிவுகளுக்கும் இடையே புள்ளியியல் நோக்கில் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை. இளம் வயதினருக்கு முதலிலேயே டைட்டானியத்தைக் கருதலாம் என்று ஆய்வாளர்கள் முடித்தார்கள்.

ஆஸ்திரேலிய விலைவாசியை அப்படியே இந்தியாவுக்குப் பொருத்த முடியாது. இங்கே மருத்துவமனைக் கட்டணம் குறைவு, இறக்குமதிப் பொருளின் விலை கூடுதல். எனினும் துணைக்கு இருப்பவர் இழக்கும் கூலியும் ஊருக்கும் மருத்துவமனைக்கும் அலையும் செலவும் எந்த ரசீதிலும் ஏறுவதில்லை. அவற்றையும் கூட்டினால், ‘இலவச’ எலும்பு இளைஞருக்கு மலிவானதாக இருக்காது.

அதற்காக விலை உயர்ந்ததே சிறந்தது என்றும் ஆகிவிடாது. பீக் என்னும் பாலிமர் ஸ்கேன் படத்தை மறைக்காது. வளையும் தன்மையில் டைட்டானியத்தைவிட எலும்புக்கு நெருக்கமானது. ஆனால் விலை மிக அதிகம், எலும்போடு ஒட்டி வளராது. டைட்டானியம் உறுதியானது, ஸ்கேனில் கோடுகளை உண்டாக்கும், மெலிந்த தோலைச் சில வேளை அரித்துக்கொண்டு வெளியே வரும். 1940களிலிருந்து பயன்படும் ஆக்ரிலிக்தான் மலிவு. அறுவை மேசையிலேயே குழைத்து வைத்தால் அது இறுகும்போது கடுமையாகச் சூடாகும், வடிவமும் சரியாக அமையாது. சி.டி. ஸ்கேனைக் கொண்டு முப்பரிமாண அச்சில் வார்ப்பு செய்து, அதில் முன்கூட்டியே வார்த்துக்கொண்டால் இவ்விரு குறைகளும் பெரிதும் தீரும். அரசு மருத்துவமனைகள் முதலீடு செய்ய வேண்டியது இந்த நடுவழியில்தான் என்பது இக்கட்டுரையின் வாதம்.

குழந்தைகளின் நிலை வேறு. வளரும் மண்டையோடு செயற்கைத் தகடு வளராது. சொந்த எலும்போ அவர்களிடம் இன்னும் எளிதாகக் கரையும்.

தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம் விபத்துக்குப் பிந்தைய முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குக் கை கொடுக்கிறது. மண்டை ஓட்டை மூடும் நாள் அந்த வரம்பைத் தாண்டி வெகு தொலைவில் வருகிறது. காப்பீட்டுத் திட்டங்கள் அந்த நாளுக்கான தொகையை நோயாளியின் வயதையும் மறு அறுவை வாய்ப்பையும் கணக்கிட்டு வகுக்க வேண்டும். ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்குமுன், ஒவ்வொரு பொருளின் இன்றைய விலையோடு அது தோற்றால் ஆகும் செலவையும் மருத்துவமனை குடும்பத்துக்கு எழுதிக் காட்ட வேண்டும்.