கண்டி மலைநாட்டுக் கட்டிட மரபும் நிலவுடைமையும்: ‘நிலைபேறு’ பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

அண்மைக் காலமாகக் கட்டிட நிர்மாணத் துறையில் ‘நிலைபேறு’ என்னும் எண்ணக்கரு பெருவழக்குப் பெற்றுள்ளது. உள்ளூர் மூலப்பொருள்களைப் பயன்படுத்தல், எரிபொருளையும் சீமெந்தையும் குறைத்தல், இயற்கையான காற்றோட்டம், நிலச்சாய்வுக்கு இயைந்த அமைப்பு என்பன அதன் இலக்கணங்களாகக் கூறப்படுகின்றன. இவற்றுக்கு உள்நாட்டு உதாரணம் தேடுவோர் கண்டி இராச்சியக் காலத்து மண்சுவர் வீட்டையும் மரத்தூண் மண்டபத்தையும் சுட்டுவது வழக்கமாகியுள்ளது. முன்னோர் இயற்கையோடு இணங்கி வாழ்ந்தனர் என்பது அவர்தம் முடிபு. இது முற்றிலும் பிழையான கூற்றன்று. ஆயின் பாதி உண்மையே. அக்கட்டிடங்களை யார் கட்டினர், எவரது நிலத்திற் கட்டினர், எந்த உற்பத்தி உறவுகளின் கீழ்க் கட்டினர் ஆகிய வினாக்களை எழுப்பாதவிடத்து மரபு பற்றிய பேச்சு வெறும் ஏக்கமாகவே எஞ்சும். அவ்வினாக்களை எழுப்புவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலிற் சாதாரணக் குடியானவனின் வீட்டை நோக்குவோம். 1660 முதல் 1679 வரை கண்டி இராச்சியத்திற் சிறைப்பட்டிருந்த ரொபேட் நொக்ஸ், 1681இல் வெளியான தமது நூலில் அவ்வீட்டை விவரித்துள்ளார். கம்புகளை நட்டு, களிமண் பூசி, கூரை வேய்ந்த சிறு குடிசை அது. ஆயின் அவர் கூறும் பிறிதொரு செய்தி பெரும்பாலும் மறக்கப்பட்டு விடுகிறது. ஒரு மாடிக்கு மேல் எழுப்பவோ, ஓடு வேயவோ, சுவருக்குச் சுண்ணாம்பு பூசவோ குடியானவருக்கு அனுமதி இருக்கவில்லை. அஃதாவது, மண்ணும் புல்லும் அவர்தம் அறிவின் வெளிப்பாடாக இருந்த அதே வேளையில், அவர்தம் தாழ்ந்த சமூக நிலையின் கட்டாயச் சின்னமாகவும் இருந்தன. ஓடும் சுண்ணாம்பும் வர்க்க எல்லைகளாக அமைந்தன.

அடுத்து, பெருங்கட்டிடங்களை எடுத்துக்கொள்வோம். கண்டிக்கு அண்மையிலுள்ள கடலாதெனிய விகாரை 1344இல், நான்காம் புவனேகபாகுவின் காலத்தில், கணேஸ்வராசாரி என்னும் சிற்பியின் தலைமையிற் கருங்கல்லால் எழுப்பப்பட்டது. தென்னிந்தியத் திராவிடக் கட்டிடப் பாணி அதில் தெளிவாகத் தெரிகிறது. இனத்தூய்மை பேசுவோருக்கு இக்கட்டிடம் தரும் விடை போதுமானது. எம்பெக்க தேவாலயத்தின் செதுக்குத் தூண்களும் உலகப் புகழ் பெற்றவை. இக்கலைகளை ‘மத்தியகாலச் சிங்களக் கலை’ என்னும் தமது நூலில் ஆனந்த குமாரசுவாமி ஆராய்ந்தார். 1908இல் வெளிவந்த அந்நூல், ஆங்கிலச் சோசலிசவாதியான வில்லியம் மொரிஸ் பயன்படுத்திய அச்சுப்பொறியிலேயே அச்சிடப்பட்டது என்பது சுவையான செய்தி. கைவினைஞன் சேவைக்கு ஈடாக நிலம் பெற்று வாழ்ந்த முறையை அவர் அக்கறையோடு பதிவு செய்தார். எனினும், மொரிஸ் கலையின் பெயரால் முதலாளித்துவத்தை மாற்றியமைக்க முன்னோக்கி அழைத்தார். குமாரசுவாமியோ கைவினைஞனின் நிறைவான வாழ்வைப் பழைய படிநிலைச் சமூகத்திலே கண்டார். சேவை நிலம் கைவினைஞனுக்குப் பாதுகாப்பளித்தது உண்மையே. அதே நிலம் அவனைச் சாதித் தொழிலோடு பிணைத்ததும் உண்மையே.

இம்முரண்பாட்டின் உச்சத்தைக் கண்டி வாவியிற் காணலாம். கடைசி மன்னனான ஸ்ரீவிக்கிரமராஜசிங்கனின் ஆட்சியில், வயல்நிலமாக இருந்த தாழ்பகுதியை அணையிட்டு மறித்து, 1812 அளவில் அவ்வாவி நிறைவு செய்யப்பட்டது. இன்று நகரின் அழகுக்கு அதுவே முகம். அதைத் தோண்டியது இராஜகாரியம் என்னும் கட்டாய உழைப்பாகும். அவ்வுழைப்புச் சுமை மன்னன்மீது மக்கள் கொண்ட வெறுப்பை வளர்த்தது. 1815இல் ஆங்கிலேயர் கண்டியைக் கைப்பற்றியபோது அவ்வெறுப்பும் அவர்களுக்குத் துணை செய்தது.

இவ்வாறு கூறுவதால் பழைய முறையின் சிறப்புகளை நாம் மறுப்பதாகக் கொள்ளலாகாது. பள்ளத்தில் வயல், அதை ஒட்டிய மேட்டில் வீடும் பலமரத் தோட்டமும், உச்சியிற் காடு என்னும் கண்டிக் கிராம அமைப்பு மலைச்சரிவின் இயல்பை நன்கு அறிந்த அமைப்பாகும். காட்டின் வேர்கள் மண்ணைப் பிடித்திருந்தன. வீட்டுக்கு வேண்டிய கம்பும் கொடியும் புல்லும் அக்காட்டிலிருந்தே கிடைத்தன. இங்கு மனங்கொள்ள வேண்டியது ஒன்றுண்டு: அறிவு மட்டும் அவ்வீட்டைக் கட்டவில்லை. காட்டையும் புல்வெளியையும் பயன்படுத்தும் வழக்குரிமையே அவ்வறிவுக்குப் பொருளியல் அடித்தளமாக இருந்தது.

அவ்வடித்தளமே குடியேற்ற ஆட்சியிற் தகர்ந்தது. ஆங்கிலேயர் இராஜகாரியத்தை உடனே ஒழிக்கவில்லை. கொழும்பு - கண்டி வீதியை அமைக்க அதனையே பயன்படுத்தினர். கோல்புறூக் ஆணைக்குழுவின் விசாரணையைத் தொடர்ந்து 1832இல் அது ஒழிக்கப்பட்டது. எட்டு ஆண்டுகளின் பின், 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் வந்தது. காடும் தரிசும் பயிரிடப்படாத நிலமும், மறுதலை நிரூபிக்கப்படும் வரை, முடிக்குரியவை என்றது அச்சட்டம். கண்டி மாகாணங்களின் சேனை நிலங்களும் இவ்வலையிற் சிக்கின. உழைப்பு சுதந்திரமடைந்தது, உழைப்பவன் ஊன்றி நிற்க வேண்டிய பொதுநிலமோ கோப்பித் தோட்டக்காரருக்கு விற்பனையாயிற்று. ஒரு கையால் விடுவித்ததை மறு கையால் பறித்தல் என்பது இதுவே. கிராமத்தவரின் நிலமின்மை எவ்வளவுக்கு முற்றியதென்பதற்குக் கண்டி விவசாயிகள் ஆணைக்குழுவின் 1951ஆம் ஆண்டு அறிக்கை சான்றாகும்.

1867இல் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்ட லூல்கந்துர தோட்டம் கண்டி மாவட்டத்திலேயே உள்ளது. உச்சிக்காடுகள் அழிந்த இம்மலைகளில், தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட தொழிலாளருக்காக எழுந்த கட்டிட வகையே லயன். ஏறத்தாழ 10 அடிக்கு 12 அடியான அறைகளை வரிசையாக, பலவிடத்து முதுகோடு முதுகாக, அடுக்கிய அமைப்பு அது. அங்கு இடத்தைத் தெரிந்ததும் அளவைத் தீர்மானித்ததும் நிருவாகமே. வசிப்பவனுக்கு அதில் எவ்விதப் பங்கும் இருக்கவில்லை. வேலை போனால் அறையும் போகும். சி. வி. வேலுப்பிள்ளை தமது நாவலுக்கு ‘வீடற்றவன்’ எனப் பெயரிட்டது தற்செயலன்று. லயனில் வாழ்ந்தவனுக்குக் கூரை இருந்தது, வீடு இருக்கவில்லை. 1972இலும் 1975இலும் நிகழ்ந்த நிலச்சீர்திருத்தங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் நிருவாகம் தனியார் கம்பனிகளிடம் கையளிக்கப்பட்டது. கைகள் மாறின. லயனுக்கும் அதில் வாழ்பவனுக்கும் இடையிலான உறவு அடிப்படையில் மாறவில்லை.

இப்பின்னணியிலேயே இன்றைய வழிகாட்டல்களை நாம் மதிப்பிட வேண்டும். 1984இல் நிறுவப்பட்ட தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மலைநாட்டின் மண்சரிவு அபாய வலயங்களை வரைபடமாக்கியுள்ளது. 2011 முதல் அபாய மாவட்டங்களில் நிர்மாண அனுமதிக்கு அதன் மதிப்பீடு வேண்டப்படுகிறது. சரிவின் அடியைச் செங்குத்தாக வெட்டாதே, மழைநீர் வடிய வழிசெய், நிலத்தைச் சமமாக்காமல் சாய்வுக்கேற்பக் கட்டு என்பன போன்ற அறிவுரைகள் விஞ்ஞான பூர்வமானவை, வரவேற்கத்தக்கவை. ஆனால் அவை யாரை நோக்கிக் கூறப்படுகின்றன? தன் காணியில், தன் விருப்பப்படி கட்டக்கூடிய ஒருவனை நோக்கியே. லயன் தொழிலாளி அத்தகையவன் அல்லன்.

இதன் விளைவைக் கண்டிக்கு அப்பால், பதுளை மாவட்டத்து மீரியபெத்தையில், நாடு கண்டது. அவ்விடம் அபாயமானது என 2005இலும் 2011இலும் எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்தது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி லயன்கள் மண்ணுள் புதைந்தன. எச்சரிக்கை இருந்தது; போவதற்கு நிலம் இருக்கவில்லை. 2025 நவம்பர் இறுதியில் வீசிய ‘டித்வா’ சூறாவளியின்போது நாடெங்கும் அறுநூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். உயிரிழப்பு மிகுந்த மாவட்டங்களுள் கண்டியும் ஒன்று. அங்கு சிங்களக் கிராமத்தவரும் முஸ்லிம்களும் தோட்டத் தமிழரும் ஒரே மண்ணின் கீழ்ப் புதையுண்டனர். 1840இன் சட்டம் பிரித்துவைத்த கிராமத்தையும் தோட்டத்தையும் சரிந்த மலை பிரித்துப் பார்க்கவில்லை.

ஆகவே, நிலைபேறு என்பது முதலிற் பொருள்களுக்கும் இயற்கைக்கும் இடையிலான உறவன்று. மனிதருக்கும் நிலத்துக்கும் இடையிலான உறவாகும். மண்சுவரை மீட்டெடுப்பது எளிது. அச்சுவருக்கு மண்ணும் கம்பும் தந்த உரிமையை மீட்டெடுப்பதே கடினம். தோட்டக் குடும்பங்களுக்கு ஏழு பேர்ச், பத்துப் பேர்ச் காணிகளோடு தனி வீடுகள் வழங்கும் திட்டங்கள் இத்திசையில் எடுத்து வைக்கப்பட்ட அடிகளே. எனினும் அவை தேவையின் ஒரு பகுதியையே தீர்த்துள்ளன. மீள்நிர்மாணம் பற்றிப் பேசப்படும் இவ்வேளையில், அபாய வலயத்தின் எல்லையைக் குறிக்கும் ஒவ்வொரு வரைபடத்தோடும், அங்கிருந்து வெளியேற வேண்டியவருக்கு உறுதியோடு வழங்கப்படும் காணியின் வரைபடமும் இணைக்கப்பட வேண்டும். அக்காணியைத் தெரிவதிலும் வீட்டை அமைப்பதிலும் குடியிருப்போருக்கும் கட்டிடத் தொழிலாளருக்கும் குரல் இருத்தல் வேண்டும். இரண்டாவது வரைபடம் வரையப்படாத வரை முதலாவது வரைபடம் வெறும் எச்சரிக்கையாகவே இருக்கும். எச்சரிக்கை மட்டும் எவரையும் காப்பாற்றுவதில்லை என்பதை மீரியபெத்தை ஏற்கெனவே நிறுவிவிட்டது.