பயனர் உழைப்பும் தளங்களின் இலாபமும்: சம்மதம் என்பதன் பொருள் என்ன?

இணையத் தளங்களில் பயனர்கள் ஊதியமின்றிப் படைக்கும் எழுத்தும் காணொளியும் சுரண்டப்படும் உழைப்பா? இத்தாலிய ஆய்வாளர் திசியானா தெர்ரநோவா 2000ஆம் ஆண்டிலேயே இவ்வினாவை எழுப்பினார். இது விரும்பிச் செய்யப்படும் உழைப்பு. அதேவேளையில் சுரண்டப்படும் உழைப்பும்கூட என்பது அவரது வாதம்.

அமெரிக்காவில் இவ்வினா நீதிமன்றமும் சென்றது. ஏஓஎல் நிறுவனத்தின் அரட்டை அறைகளை மேற்பார்வையிட்ட தன்னார்வலர்கள் 1999இல் ஊதியம் கோரி வழக்குத் தொடுத்தனர். அவர்களுக்கு வேலைநேரமும் அறிக்கைக் கடமையும் விதிக்கப்பட்டிருந்தன. அவ்வழக்கு 1.5 கோடி டாலர் சமரசத்தில் முடிந்தது. 2011இல் அதே நிறுவனம் ஹஃபிங்டன் போஸ்ட் தளத்தை 31.5 கோடி டாலருக்கு வாங்கியபோது, அதில் ஊதியமின்றி எழுதியவர்கள் பங்கு கோரினர். ஊதியம் இல்லை என்பதை அறிந்தே எழுதினர் எனக் கூறி, 2012இல் நியூயார்க் நீதிமன்றம் அவ்வழக்கைத் தள்ளுபடி செய்தது.

ஆக, தளங்களின் முதன்மையான வாதம் பயனரின் சம்மதமே. அச்சம்மதம் எத்தகையது என்பதை யூடியூப் காட்டுகிறது. நீண்ட காணொளிகளின் விளம்பர வருவாயில் 55 விழுக்காட்டை அது படைப்பாளருக்கு அளிக்கிறது. அதைப் பெற 1,000 சந்தாதாரர்களும் ஓராண்டில் 4,000 மணிநேரப் பார்வையும் வேண்டும். அல்லது, அந்த 4,000 மணிநேரத்துக்குப் பதிலாக, குறுங்காணொளிகள் 90 நாட்களில் 1 கோடி முறை பார்க்கப்பட்டிருக்க வேண்டும். இவ்வரம்பை எட்டாதோரின் காணொளிகளிலும் விளம்பரம் இடும் உரிமையை, 2021 ஜூன் 1 முதல் இந்தியா உள்ளிட்ட நாடுகளில் அந்நிறுவனம் தனக்குத்தானே வழங்கிக்கொண்டது. அவ்வருவாயில் படைத்தவருக்குப் பங்கில்லை. விதியை ஏற்க வேண்டும். இல்லையேல் வெளியேற வேண்டும்.

வெளியேறும் வாய்ப்பு எல்லோருக்கும் ஒன்றுபோல் இருப்பதில்லை. பெரும் ஊடகங்களில் இடம் மறுக்கப்பட்ட தலித் இளைஞர்கள் வன்கொடுமைச் செய்திகளையும் பறையிசையையும் அம்பேத்கரிய உரைகளையும் மக்களிடம் கொண்டுசேர்க்கும் வழி இத்தளங்களே. வேறு வழியற்றவரின் சம்மதத்தை முழுச் சம்மதம் எனக் கொள்ளலாமா? 1982இல் ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில், வறுமையும் மாற்று வழியின்மையும் ஒருவரை உழைக்க நிர்ப்பந்தித்தால் அதுவும் அரசியலமைப்பின் 23ஆம் கூறு தடைசெய்யும் கட்டாய உழைப்பே என்று உச்சநீதிமன்றம் கூறியது.

காணொளி பதிவேற்றுவதும் வெட்டி வேலையும் ஒன்றென நாம் சொல்லவில்லை. சாதியின் பெயரால் அடித்துப் பெறப்பட்ட உழைப்பின் கொடுமையை அவ்வாறு சிறுமைப்படுத்தலாகாது. சட்டப்படியும் இவை வேறுவேறு. ஆயினும், சம்மதம் அளித்தவருக்கு மாற்று வழி இருந்ததா என்று கேட்க அத்தீர்ப்பு நமக்குக் கற்பிக்கிறது.

எனவே நமது கோரிக்கைகள் மூன்று. விளம்பரம் இடப்படும் ஒவ்வொரு காணொளிக்கும், வரம்பின்றி, வருவாய்ப் பங்கு வேண்டும். விதி மாற்றங்களில் படைப்பாளர்களின் கருத்து கேட்கப்பட வேண்டும். காணொளி நீக்கப்பட்டால் காரணமும் மேல்முறையீடும் வேண்டும். அதுவரை நமது பதிவுகளின் மூலப்படிகளை நம்மிடமே சேமித்து வைப்போம்.