ஈபஸ் தகவி

ஈபஸ் தகவி அல்லது ஈபஸ் அடாப்டர் என்பது வீட்டைச் சூடாக்கும் கொதிகலனைக் கணினியின் யூ.எஸ்.பி. துறையுடன் இணைக்கும் மின்னணுக் கருவி ஆகும். ஜெர்மனியின் வைலான்ட், வொல்ஃப் முதலிய நிறுவனங்களின் கொதிகலன்களும் அவற்றின் வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவிகளும் ஈபஸ் எனப்படும் இருகம்பித் தடத்தின் வழியே தகவல் பரிமாறிக்கொள்கின்றன. தகவி இத்தடத்தில் மேலும் ஓர் உறுப்பாக இணைகின்றது.

இத்தடத்தில் 15 முதல் 24 வோல்ட் வரையான மின்னழுத்தம் 1 எனவும், 9 முதல் 12 வோல்ட் வரையானது 0 எனவும் கொள்ளப்படும். யூ.எஸ்.பி. 5 வோல்ட்டில் இயங்குவதால் கம்பிகளை நேரடியாகப் பொருத்தினால் கணினி பழுதடையலாம். பல தகவிகள் ஒளிப்பிணைப்பிகளைக் கொண்டு இரு சுற்றுகளையும் மின்தொடர்பின்றிப் பிரிக்கின்றன.

அமைக்கும் முறை

கொதிகலனின் மின்சாரத்தைத் துண்டித்த பின்னரே ஈபஸ் முனைகளில் கம்பிகளை இணைக்க வேண்டும். எரிவாயுக் கொதிகலனின் மூடியைத் திறப்பது பயிற்சி பெற்றவரின் பணியாகும். லினக்சு இயங்குதளம் தகவியை ஒரு தொடர் துறையாகக் காணும். தகவல்களைப் படிக்க ஈபஸ்டி எனும் கட்டற்ற மென்பொருள் பயன்படுகின்றது.

வெப்பநிலைகளைக் கேட்டறிவதில் சிக்கல் இல்லை. கட்டளை அனுப்புவதே கடினமானது. தடத்தின் வேகம் நொடிக்கு 2400 பிட்டுகள். ஒரு பைட்டு செல்ல ஏறத்தாழ 4.2 மில்லிநொடி ஆகும். ஒத்திசைவுக் குறி முடிந்தவுடனேயே கருவி தன் முகவரியை அனுப்ப வேண்டும். இரு கருவிகள் சேர்ந்து அனுப்பினால் 0 பிட்டை அனுப்பியதே தடத்தைப் பெறும். ஆனால் பரவலாகப் பயன்படும் எப்.டி.டி.ஐ. சில்லுகள் தகவலை இயல்பாக 16 மில்லிநொடி வரை தேக்கி வைப்பதால், கணினி தன் முறையைத் தவறவிடுகின்றது. தேக்க நேரத்தை 1 மில்லிநொடியாகக் குறைப்பது ஓரளவே உதவும். ஆகவே பிற்காலத் தகவிகளில் இப்போட்டியைத் தகவியிலுள்ள நுண்கட்டுப்படுத்தியே நடத்துகின்றது.